தன் பெயரைத் தப்பாக எழுதிய கன்ட்ரோலர்

ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) விளையாட்டுக் கன்சோலின் கன்ட்ரோலர் மாதிரியே இருக்கும் ஒன்றை மலிவாக வாங்கினேன். கடையில் கன்சோலில் போட்டுக் காட்டினார்கள், நன்றாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து லினக்ஸ் லேப்டாப்பில் செருகினால் விளக்கு மட்டும் எரிகிறது, ஒரு பொத்தானும் வேலை செய்யவில்லை. கோளாறு கன்ட்ரோலரிலா, லினக்ஸிலா?"

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலைகளில் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூஎஸ்பி கருவி எதைச் செருகினாலும் அது முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், பெயர் ஆகியவை அதில் இருக்கும். சோனியின் எண் 1356, அதன் பிஎஸ்3 கன்ட்ரோலரின் எண் 616. (கருவியோடு பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுபவர்கள் இவற்றைப் பதினாறு நிலை எண் முறையில் எழுதுவார்கள். இங்கே நமக்குப் பழகிய எண்களில் தருகிறேன்.) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த எண் ஜோடியைத் தன் பட்டியலில் தேடி, பொருத்தமான டிரைவரிடம் கருவியை ஒப்படைக்கும். அப்புறம் பொத்தான் அழுத்தங்கள் எல்லாம் 'ரிப்போர்ட்' எனப்படும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும்.

டூப்ளிகேட் கன்ட்ரோலர் செய்பவர் இந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சிப்புக்குள் இருக்கும் நிரல் எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் உள்ளே இருக்கும் சிப் வேறு, நிரல் வேறு. கன்சோல் என்னென்ன கேட்குமோ அதற்கு மட்டும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு, இன்னொருவர் ஹால் டிக்கெட்டில் பரீட்சை எழுத வந்தவர் மாதிரி அது உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸ் டிரைவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் முழிக்கும்.

பிஎஸ்3 கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். ஒரிஜினலுக்கே ஒரு விசித்திர குணம் உண்டு. செருகியதும் பேசாது. 242 என்ற எண்ணுள்ள ரிப்போர்ட்டைக் கொடு என்று கணினி ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டதும் 17 பைட் பதில் தரும். பதிலில் என்ன இருக்கிறது என்பது முக்கியமே இல்லை, கேட்டதுதான் முக்கியம். கேட்ட பிறகே அது வேலை செய்யும் நிலைக்கு மாறி, பொத்தான் அழுத்தங்களை அனுப்பத் தொடங்கும்.

காசியா, ஸ்பீட்லிங்க் ஸ்ட்ரைக் எஃப்எக்ஸ் போன்ற சில கன்ட்ரோலர்களுக்கு இந்த ஒரு கேள்வி போதவில்லை. 245 என்ற ரிப்போர்ட்டையும் கேட்டு, கடைசியில் கணினி தன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பைட்டையும் அனுப்பினால்தான் அவை எழுந்திருக்கின்றன. சரி, எல்லாருக்கும் மூன்று படிகளையும் செய்துவிடலாம், ஒரிஜினலுக்கும் அதனால் கெடுதல் இல்லை என்று டிரைவரில் சேர்த்தார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. ஷான்வான் என்ற பெயரில் வரும் கன்ட்ரோலர்கள் அந்த மூன்றாவது படியைப் பார்த்ததும் அதிரத் தொடங்கின. பிளக்கைப் பிடுங்கும்வரை நிற்காத அதிர்வு. ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம்!

ஷான்வானுக்கு மட்டும் மூன்றாவது படியை விட்டுவிட வேண்டும். ஆனால் அது ஷான்வான் என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? எண் ஜோடி அதே 1356, 616. எண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாருமே சோனிதான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். எண்ணைத் திருடியவர்கள் பெயரில் கோட்டை விட்டார்கள். யூஎஸ்பி கருவி எண்ணோடு இரண்டு எழுத்துச் சரங்களையும் சொல்லும். ஒன்று தயாரிப்பாளர் பெயர், மற்றது பொருளின் பெயர். கெர்னல் இரண்டையும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு ஒட்டி, கருவியின் முழுப்பெயராக வைத்துக்கொள்ளும். அந்தப் பெயரைத்தான் டிரைவர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மூல நிரலில் ஷான்வானுக்கு இரண்டு பெயர்கள் உள்ளன. முதலாவது 'ஷான்வான் பிஎஸ்3 கேம்பேட்', ஒழுங்கான பெயர். இரண்டாவதில் கேம்பேட் என்ற ஆங்கிலச் சொல்லில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் அந்த எழுத்து இல்லை. கீபோர்டின் இடது மேல் மூலையில், 1-க்குப் பக்கத்தில் இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறி, அதாவது பேக்டிக், உட்கார்ந்திருக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது யாரோ நிரலைத் தட்டச்சு செய்கையில் கை தவறிவிட்டது என்றே நினைத்தேன். அது நிரலில் வந்த பிழை இல்லை. கன்ட்ரோலரே தன் பெயரை அப்படித்தான் சொல்கிறது. எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் ஆஸ்கி முறையில் 'எம்' என்பது 109, இரும எண்ணில் 1101101. பேக்டிக் 96, அதாவது 1100000. மூன்று பிட்கள் மாறிப்போன பெயர், விற்பனைக்கு வந்த பொருளின் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. அந்தப் பிழையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கெர்னலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு யாராவது அதைத் திருத்திவிட்டால் அந்தக் கன்ட்ரோலர்களை டிரைவருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும், மறுபடி அதிர்வு தொடங்கிவிடும். கைநாட்டு மாதிரி, அந்தக் கோணல்தான் அதன் அடையாளம்.

அதே டிரைவரில் ஃபியூச்சர்மேக்ஸ் என்ற நடன விரிப்பின் பெயரும் இருக்கிறது. காலால் மிதித்து ஆடும் விரிப்பு, தன்னைப் பிஎஸ்3 கன்ட்ரோலர் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறது! இப்படிப்பட்ட ஒவ்வொரு விதிவிலக்குக்கும் டிரைவரில் ஒரு கொடி இருக்கும். அதைக் 'குவிர்க்' என்பார்கள். ஒரு பிட், அவ்வளவுதான். கொடி உயர்ந்திருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போ என்று பொருள்.

இனி மாணவரின் பிஎஸ்4 வகைக்கு வருவோம். பிஎஸ்5 கன்ட்ரோலருக்காக 2021-இல் சோனியே லினக்ஸுக்கு ஒரு புது டிரைவரைக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலிலிருந்து பிஎஸ்4 கன்ட்ரோலரையும் அது கவனிக்கிறது. யூஎஸ்பியில் செருகியதும் இந்த டிரைவர் மூன்று விஷயங்கள் கேட்கும். ப்ளூடூத் முகவரிக்கு 16 பைட், சாய்வு உணரியின் அளவுத்திருத்தத்துக்கு 37 பைட், உள்நிரலின் பதிப்பு எண்ணுக்கு 49 பைட். ஒரிஜினல் மூன்றுக்கும் பதில் சொல்லும். பல டூப்ளிகேட்கள் சொல்லாது. ஆரம்பத்தில், ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் டிரைவர் கன்ட்ரோலரையே கைவிட்டுவிடும். 14 பொத்தான்கள் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

என் மேஜையில் இருந்த ஒன்றை இப்படிப் பார்த்திருக்கிறேன். யூஎஸ்பி கம்பியில் போகும் பொட்டலங்களைப் பதிவு செய்யும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. கேள்வி போகிறது, மறு வரியில் கழித்தல் 32. அந்த எண்ணுக்கு, கருவி கையை விரித்துவிட்டது, அப்படி ஒரு கேள்வியே தனக்குத் தெரியாது என்கிறது என்று பொருள். அப்புறம் அமைதி.

பதிப்பு எண்ணைப் பிஎஸ்4 கன்ட்ரோலர் விஷயத்தில் டிரைவர் எதற்கும் பயன்படுத்துவதில்லை, கேட்பவருக்குக் காட்டுவதோடு சரி. அளவுத்திருத்தம் இல்லாவிட்டால் சாய்வு உணரி துல்லியமாக இருக்காது, பொத்தான்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆகவே 2024-இல் திருத்தினார்கள்: இந்த இரண்டுக்கும் பதில் வராவிட்டால் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு மேலே போ.

பதில் சொல்லாததைவிட வெறும் பூஜ்யங்களாகப் பதில் சொல்வதுதான் ஆபத்து. சாய்வு உணரி ஒவ்வொன்றும் பிறக்கும்போதே கொஞ்சம் கோணலாகப் பிறக்கிறது. அதனால் தொழிற்சாலையில் அதைத் தெரிந்த வேகத்தில் ஒரு பக்கமும் மறுபக்கமும் சுழற்றி, வந்த அளவுகளைக் கன்ட்ரோலருக்குள் எழுதி வைக்கிறார்கள். டிரைவர் அந்த வேகத்தை, இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்துத் திருத்தம் செய்கிறது. எல்லாம் பூஜ்யம் என்றால் தூரமும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடப் பாடம். கெர்னலுக்குள் அந்தத் தப்பு நடந்தால் கணினியே சாயலாம். ஒரு மலிவு பொம்மை, அதன் ஒரு பூஜ்யம், திறந்து வைத்த வேலை எல்லாம் போச்சு. இப்போது டிரைவர் வகுக்கும் எண்ணை முதலில் பார்க்கிறது. பூஜ்யமாக இருந்தால் நடுப்புள்ளி சரியாகவே இருப்பதாகவும், 32767 என்ற உச்ச அளவு நொடிக்கு 2048 பாகைச் சுழற்சிக்குச் சமம் என்றும் வைத்துக்கொள்கிறது. தோராயம்தான், ஆனால் கணினி நிற்காது.

டூப்ளிகேட்டுக்கு ஏன் இவ்வளவு உபசாரம் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. 2014-இல் எஃப்டிடிஐ நிறுவனம் எதிர்வழியில் போய்ப் பார்த்தது. அதன் யூஎஸ்பி சிப்பைக் காப்பியடித்த சிப்புகளின் பொருள் எண்ணை, விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன்பின் கணினிக்கு அவற்றை அடையாளமே தெரியவில்லை. காப்பியடித்தவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்றே தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரின் கருவிதான் செத்தது. எதிர்ப்பு வந்த பிறகு அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. வாங்கியவரைத் தண்டிக்கும் டிரைவரை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தங்களை எழுத, அதே கோளாறுள்ள கன்ட்ரோலர் ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். ஆய்வகம் கட்டி இதைச் செய்ய முடியாது. அதனால் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரே, சம்பளம் இல்லாமல், இரவில் உட்கார்ந்து எழுதுகிறார். நம் பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருடப் புராஜெக்டைக் காசுக்கு வாங்கி ஒப்படைக்கும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கெர்னலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பத்து வரித் திருத்தத்துக்கு முழு மதிப்பெண் தரலாமே! கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போகும் பத்து வரி அது.

மாணவருக்கு நான் சொன்னது இரண்டே. கெர்னலின் செய்திகளைக் காட்டும் dmesg என்ற கட்டளையைத் தட்டி, செருகிய நேரத்தில் வந்த வரிகளைப் பாருங்கள். அப்புறம் புதுக் கெர்னலுக்கு மாறுங்கள். அவருடைய வரிகளிலும் கழித்தல் 32 இருந்தது. மாறியபின் பொத்தான்கள் வேலை செய்கின்றன என்று எழுதினார். நண்பரோடு ஆட அதே கடையில் இன்னொன்று வாங்கப் போகிறாராம். வாங்குமுன் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் செருகிப் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் ஒரே ப்ளூடூத் முகவரியைப் பதித்திருந்தால், இது ஏற்கெனவே வந்த ஆள்தான் என்று டிரைவர் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளாது.