பழையதைப் போட்டுவிட்டு இன்னொரு பழையதை வாங்கும் முன்

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீட்டுக்கு மெஷின் பழுது பார்க்கப் போயிருந்தேன். அந்த அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, 150 வெள்ளிக்கு வாங்கினேன், லாரிக்கு 60 வெள்ளி தனி, இப்போ பிளேன் ஏறுற மாதிரி சத்தம் போடுது." முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், கைமாறி வந்தது. டிரம்முக்குள் கையை விட்டு மேலும் கீழும் அசைத்தேன், லொடலொடவென்று ஆடியது. டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போய்விட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் டிரம் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும், கூலியும் சாமானும் சேர்ந்து வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

சரி, பழைய மெஷினுக்கு என்ன கோளாறு என்று கேட்டேன். தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டதாம், பழைய சாமான் எடுக்க வரும் காரங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டாராம். "அடியில சின்ன மூடி ஒண்ணு இருந்திருக்குமே அக்கா, திறந்து பார்த்தீங்களா?" என்றேன். அப்படி ஒரு மூடி இருப்பதே அவருக்குத் தெரியாது.

முன்பக்கம் திறக்கும் மெஷின்களில் பெரும்பாலும் கீழ் மூலையில் ஒரு சிறு கதவு இருக்கும். அதற்குள்ளே திருகிக் கழற்றும் வடிகட்டி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு தட்டையான பாத்திரத்தையும் பழைய துண்டையும் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினால் தேங்கிய தண்ணீர் வரும். கொதிநீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை தொடாதீர்கள். தண்ணீரின் பின்னாலேயே 20 காசு, ஊக்கு, ஹேர்பின், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், சில வீடுகளில் பூஜைக் கயிறு. இதை எடுத்துப் போடத்தான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் காசு வாங்கிக்கொண்டுதான் வருகிறேன், பொய் சொல்வானேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கைமாறிய பொருளே வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், என் வீட்டு ஃபிரிஜ்ஜே அப்படி வந்ததுதான். ஆனால் உங்கள் பழைய மெஷின் எத்தனை வருஷம் ஓடியது, எப்போது சத்தம் போட ஆரம்பித்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வேறொருவர் வீட்டிலிருந்து வருவதைப் பற்றி "குட் கண்டிஷன்" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் தெரியும். உங்களுடையதில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளாமலேயே அடுத்ததைத் தேடி, கைமாறிய பொருள் விற்கும் கெரோசல் இணையத்தளம் பக்கம் போய்விடுகிறோம், அங்கேதான் காசு போகிறது.

நம் வீடுகளில் அதிகம் தூக்கிப்போடப்படுவது மிக்ஸிதான். மாவோ தேங்காயோ அரைக்கும்போது சட்டென்று நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல மிக்ஸிகளில் அடிப்பக்கம் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். சுமை கூடினால் அது தானே வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் பல நேரம் ஓடிவிடும். மோட்டார் சுற்றுகிறது, ஜாருக்குள் பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்க நடுவில் இருக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கேட்டால் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அது மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் பெரும்பாலும் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி உடைத்தவர்கள் நிறைய.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, கிரைண்டரில் வேறொரு சங்கதி. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் மோட்டாருக்குப் பிரச்சினை இல்லை. பிளக்தான் பிரச்சினை. உருண்டைப் பின் பிளக்கைப் பயண அடாப்டரில் செருகி வருஷக்கணக்கில் மாவாட்டுகிறார்கள், லூசான இடத்தில் சூடேறி அடாப்டர் பழுப்பு நிறமாகிக் கிடப்பதை எத்தனையோ சமையலறையில் பார்த்துவிட்டேன். சேஃப்டி மார்க் உள்ள மூன்று பின் பிளக்காக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நிறத்தைக் கவனியுங்கள். இங்கே பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கலந்தது எர்த், மேலே இருக்கும் நீளப் பின்னுக்கு அதுதான். ஊரிலிருந்து வந்த பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று இருக்கும். குழப்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். மின்னணு உதிரிச் சாமான் விற்கும் சிம் லிம் டவரில் பழையதைக் கையில் காட்டி, அதே மைக்ரோஃபேரட் எண்ணில், அதே வோல்ட்டிலோ அதற்கு மேலேயோ கேட்டு வாங்கலாம். சில வெள்ளிதான்.

ஆனால் மைக்ரோவேவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். நானே அதைப் பயந்து பயந்துதான் தொடுகிறேன். ஃபிரிஜ்ஜின் கேஸ் லைனும் அப்படியே, இப்போது வருபவற்றில் பல R600a, தீப்பற்றக்கூடிய வாயு. சுவரில் இருக்கும் வயரிங்கில் கை வைப்பது சட்டப்படியே உரிமம் பெற்ற மின் தொழிலாளரின் வேலை, வாட்டர் ஹீட்டரையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு பொருளைச் செருகியதும் வீட்டு மின்சாரம் மொத்தமும் டிரிப் ஆகிறது என்றால், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் (RCCB) உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. "வேற பிளக் பாயின்ட்ல போட்டா ஓடுது" என்று எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் போட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் இந்த பிரேக்கர் இல்லாமலேயே இருந்தது. எல்லா வீடுகளிலும் இருந்தே ஆக வேண்டும் என்று 2023இல் விதி வந்து, 2025 ஜூலை 1 வரை அவகாசமும் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு டிபியில், அதாவது பிரேக்கர்கள் இருக்கும் மின்பெட்டியில், "டெஸ்ட்" என்று போட்ட பொத்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கைமாறிய பொருள்தான் வாங்குவது என்று முடிவானால், விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். வாஷிங் மெஷின் என்றால் காலி டிரம்மில் ஸ்பின் போட்டுக் கேளுங்கள், நான் செய்த மாதிரி டிரம்மை ஆட்டியும் பாருங்கள். ஃபிரிஜ் என்றால் நீங்கள் போவதற்கு முன்பே அணைத்து வைத்து இப்போதுதான் போட்டாரா என்று உள்ளே கை வைத்தால் தெரிந்துவிடும். லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டுவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும், கம்ப்ரெசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் லேபிளில் டிக் எத்தனை என்றும் பாருங்கள், டிக் கூடினால் சிக்கனம் கூடும். பழைய ஃபிரிஜ் ஒன்று நாளைக்கு ஒரு யூனிட் கூடுதலாக இழுத்தால் வருஷத்துக்கு 365 யூனிட், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் நூறு வெள்ளிக்கு மேல். மலிவாக வாங்கியது இரண்டு வருஷத்தில் மலிவாக இருக்காது.

கடையில் வாங்கினால், பழுதான பொருளை விற்ற கடைக்காரரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் துணைக்கு உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது, பழைய பொருளுக்கும் பொருந்தும், 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால் சரிசெய்யவோ மாற்றித் தரவோ கேட்கலாம், பொருளின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள். தனி ஆளிடம் நேராக வாங்கினால் அந்தச் சட்டம் வராது. ஈசூன் அக்கா வாங்கியது தனி ஆளிடம். போன் செய்து பார்த்தார், எடுக்கவில்லை.

கடைசியில் அவர் புது மெஷினே வாங்கினார். பேரிங் போனதை எடுத்துப்போக லாரி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், 2021 ஜூலையிலிருந்து புது வாஷிங் மெஷினைக் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர்கள் பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும் என்பது விதி, ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். புது மெஷின் வந்த அன்று போன் செய்தார், "தம்பி, அந்த மூடி வலது பக்கம் இருக்கு" என்று.