வன்னி நிலத்தடியில் ஷேல் வாயு கிடைக்குமா?

2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. விடையைப் பாறையில்தான் தேடவேண்டும்.

ஷேல் என்பது பழைய கடலடியில் படிந்த களி இறுகி உண்டான பாறை. களியோடு புதைந்த நுண்ணுயிர்கள் வெப்பத்தில் மீதேன் வாயுவாக மாறி, கல்லின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும். துளைகளுக்கிடையே தொடுப்பு இல்லாததால், நேராக ஒரு கிணறு இறக்கினால் வாயு வந்து சேராது. எனவே 2, 3 கிலோமீற்றர் ஆழம்வரை இறங்கி, துளையை மெல்ல வளைத்து, ஷேல் படுகைக்குள்ளேயே கிடையாகச் சில கிலோமீற்றர் துளைக்கிறார்கள்.

நிலத்தடி நீர் தப்புவது சீமெந்தின் கையில் இருக்கிறது. நீர் இருக்கும் ஆழத்தைத் தாண்டியதும் துளைப்பதை நிறுத்தி, உருக்குக் குழாயை இறக்கி, சீமெந்துக் குழம்பை உள்ளே செலுத்துவார்கள். அது அடியால் சுற்றி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே மேலேறும். குழாய் நடுவில் நில்லாமல் ஒருபக்கம் சாய்ந்தால், ஒடுங்கிய பக்கத்தில், துளைக்கும்போது செலுத்திய சேறு தங்கிவிடும். சீமெந்து அங்கே பிடிக்காது. பின்னாளில் மீதேன் அந்த வழியால் ஏறிக் குடிநீர்க் கிணற்றை எட்டும். ஒலியலைக் கருவியை இறக்கிப் பிடிப்பைச் சோதிக்காமல் அடுத்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பிறகு கிடைக்குழாயின் கடைக்கோடியிலிருந்து பகுதி பகுதியாகச் சிறு வெடிமருந்தால் ஓட்டையிட்டு, மணல் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் செலுத்தினால் கல்லில் வெடிப்பு விழும். மணல் அந்த வெடிப்பை மூடவிடாது. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லீற்றருக்கு மேல் நீர் வேண்டும். திரும்பி வரும் நீர் கடும் உப்பு. வயலிலோ குளத்திலோ விடமுடியாது.

1990களின் கடைசியில் டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜோர்ஜ் மிச்செலின் நிறுவனம் இந்த முறையை மலிவாக்கியது. 1952க்குப் பின் முதன்முறையாக 2019இல் அமெரிக்கா இறக்குமதியைவிடக் கூடுதலாக எரிசக்தி ஏற்றுமதி செய்தது. ஆனால் ஷேல் கிணற்றின் வரத்து முதல் ஆண்டிலேயே பாதிக்கும் கீழே விழுந்துவிடும். புதுக் கிணறுகள் அடித்துக்கொண்டே இருந்தால்தான் அந்தத் தன்னிறைவு நிற்கும்.

வவுனியாவில் குழாய்க்கிணறு அடிப்பவர்கள் மேல்மண்ணைத் தாண்டியதும் கருங்கல்லில் முட்டுவார்கள். புவியியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்ட உருமாறிய பாறை அது. புவியோட்டின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்த கல்லில் மீதேன் தங்காது.

மன்னார்க் கடலடி வேறு. அங்கே 2011இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் மீதேன்தான், ஆனால் ஷேல் வாயு அல்ல. அது கரைக்கு வந்தாலும் அடுப்படிச் சிலிண்டரில் அடைக்கமுடியாது. சிலிண்டரில் இருப்பது அழுத்தினாலே திரவமாகும் புரொப்பேனும் பியூட்டேனும். மீதேனைத் திரவமாக்க −162 பாகைவரை குளிர்விக்கவேண்டும். இல்லையேல் குழாய்வழியே மின்நிலையத்துக்குத்தான் கொண்டுபோகலாம்.