‘வளையம் இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொன்னதாம்!

பில் வளையம் (சரக்கே நகராமல் கடைகள் ஒன்றுக்கொன்று சுற்றிச் சுற்றிப் போடும் போலி பில்கள்) தேடும் ஆடிட்டர் ஆபீஸ்காரர்களுக்கும், அதையே பைனல் இயர் புராஜெக்ட்டாக எடுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த மாதமும் ஒரு ஃபைல். "வளையமே இல்லை சார், புரோகிராமே சொல்லிடுச்சு."

புரோகிராம் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விதான் வேறு.

கீழமாசி வீதி மண்டி ஒன்று விருதுநகர் பருப்பு மில்லுக்குப் பில் போடுகிறது, மில் திண்டுக்கல் கமிஷன் கடைக்கு, அந்தக் கடை திரும்ப மண்டிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையை ஒரு புள்ளியாகவும் (நோட்) பில்லை ஓர் அம்பாகவும் வரைந்தால் அதுதான் கிராஃப்: மூன்று கடை, மூன்று அம்பு. இதற்கிடையில் மில் நிஜமாகவே மண்டிக்கு நாலு மூட்டை துவரம் பருப்பு விற்றிருக்கிறது. அது நாலாவது அம்பு. பைத்தான் புரோகிராம் மொழியில் கிராஃப் வேலைக்கான நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் ‘சப்கிராஃப் ஐசோமார்ஃபிசம்’ என்று தேடினால், அந்த மூன்று கடைகளுக்குள் இருக்கும் எல்லா அம்புகளும் உங்கள் வடிவத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஓர் அம்பு கூடினாலும் ‘இல்லை’தான். ஆக, நாலு மூட்டைப் பருப்பு ஒரு போலி வளையத்தையே மறைத்துவிடும்! கூடுதல் அம்பு இருந்தாலும் பரவாயில்லை என்றால் ‘மோனோமார்ஃபிசம்’ என்று தேட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றே அல்ல.

சரி, மாற்றித் தேடினால் அடுத்த கூத்து. ஒரே வளையத்தை மண்டியிலிருந்தும் மில்லிலிருந்தும் கமிஷன் கடையிலிருந்தும் தொடங்கி மூன்று முறை காட்டும். மூன்றால் வகுக்காமல் ரிப்போர்ட்டில் போடுகிறார்கள்.

‘இத்தனை வளையமா!’ என்று பதறுவதும் வேண்டாம். 2002-இல் உயிரியல் விஞ்ஞானி ஊரி அலோன் குழுவினர் இத்தகைய சிறு வடிவங்களை ஆராய்ந்தபோது வெறும் எண்ணிக்கையை நம்பவில்லை. ஒவ்வொரு நோடுக்கும் வரும், போகும் அம்புகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்து, இணைப்புகளை மட்டும் கலைத்துப் போட்டு ஒப்பிட்டார்கள். ஏனென்றால், நிறையப் பில் புரளும் பெரிய மண்டியைச் சுற்றி வளையம் தற்செயலாகவே விழும்.

தயவுசெய்து கடைப் பெயரை நோடாக வைக்காதீர்கள்; ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுவார்கள். 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வையுங்கள். தேதியைப் பாருங்கள்: ஏப்ரல் பில்லையும் டிசம்பர் பில்லையும் கோத்து வளையம் என்று காட்ட இந்தத் தேடலுக்குக் கூச்சமே கிடையாது. முதலில் மூன்று நோடு, நாலு அம்பு வைத்துக் கையால் ஒரு சின்ன கிராஃப் போட்டு ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அப்புறம், வளையம் கிடைத்தாலும் சரக்கு போனதற்கான இ-வே பில்லையும் லாரி ரசீதையும் பார்க்காமல் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.