ஒரு டிகிரி கோணலும் லேன் அசிஸ்ட்டும்

செங்குன்றம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் ட்ரெய்லரை முந்திக்கொண்டிருந்தேன். வேகம் 80. கார் வலது தடத்துக்குள் நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்டியரிங் மெல்ல இடப்பக்கம், ட்ரெய்லரின் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்த பக்கம், திரும்பப் பார்த்தது. கெட்டியாகப் பிடித்து நேராக்கினேன். சில நொடிகளில் மறுபடியும் அதே இழுப்பு. கார் தடத்தை விட்டு விலகாமல் இருக்கத் தானே ஸ்டியரிங்கைத் திருப்பும் லேன் அசிஸ்ட் வசதியை அணைத்ததும் இழுப்பு நின்றுவிட்டது. டயரிலோ அலைன்மென்டிலோ கோளாறு இல்லை, இழுத்தது கார்தான் என்று அப்போது புரிந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு மணலியில் டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு முன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. புதுக் கண்ணாடி போட்டேன். லேன் அசிஸ்ட்டுக்குக் கண்ணாக அந்தக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் கேமராவைப் பற்றி, போட்ட இடத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திருவொற்றியூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இன்ஜின் வேலையில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் காரின் கணினிகளோடு பேசும் ஸ்கேனர் கருவியோடு உட்கார்ந்திருப்பவர். "அண்ணே, லேன் அசிஸ்ட் ரொம்ப சீக்கிரமா இழுக்குது. ஸ்கேனர் போட்டு கொஞ்சம் லேட்டா வேல செய்யற மாதிரி மாத்திடுங்க" என்றேன். "மாத்தறது அஞ்சு நிமிஷ வேல தம்பி. அது எங்க பாக்குதுன்னு மொதல்ல பாக்கணும்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியோடு ஒட்டி ஒரு சின்ன கேமரா இருக்கும். அதற்குச் சாலை என்பது வெறும் வெளிச்ச அளவுகள்தான். தார் கறுப்பு, கோடு வெள்ளை. படத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் போனால், இருட்டு திடீரென வெளிச்சமாகி, கொஞ்ச தூரத்தில் மறுபடி இருட்டாகும் இடங்கள் கிடைக்கும். அந்த வெளிச்சத்தின் அகலம் ஒரு சாலைக் கோட்டின் அகலத்துக்குப் பொருந்துகிறதா, அடுத்தடுத்த வரிசைகளிலும் தொடர்கிறதா என்று கணினி சரிபார்க்கும். பொருந்தும் புள்ளிகளை இணைத்து ஒரு வளைகோடு வரையும். கோடு போடும் பெயின்ட்டில் கண்ணாடி மணிகள் கலந்திருப்பார்கள். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது அவைதான். ட்ரெய்லர் சக்கரங்கள் நாள் முழுக்கத் தேய்க்கிற எண்ணூர் நெடுஞ்சாலை மாதிரியான இடங்களில் மணியும் போய்விடும், பெயின்டும் போய்விடும். மழையில் நனைந்த சாலையில், விரிசலுக்கு ஊற்றிய தார்க்கோடு எதிர்வெளிச்சத்தில் மின்னும்போது கேமரா அதையே கோடு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு.

கோடு எங்கே என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு தூரத்தில் என்றும் தெரிய வேண்டும். ஒற்றைக் கேமரா தூரத்தைக் கணக்கிடுவது பள்ளிக்கூட முக்கோணவியலில்தான். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தரைப்புள்ளியை அது கிடைமட்டத்திலிருந்து சுமார் 2.5 டிகிரி கீழே பார்க்கும். இந்தக் கோணத்தில் அரை டிகிரி தவறினால் அதே புள்ளி 25 மீட்டரில் இருப்பதாகவோ 38 மீட்டரில் இருப்பதாகவோ தோன்றும். அரை டிகிரி என்பது கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலத்தில் பாதி. டிக்கி நிறைய மூட்டை ஏற்றி மூக்கு தூக்கி நிற்கிற காரில் இந்தச் சிக்கல் வரும். அதனால்தான் கேமரா, ஓடும்போதே இரண்டு கோடுகளும் தொலைவில் எங்கே ஒன்றுசேர்வதாகத் தெரிகிறது என்று பார்த்து, தன் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

என் காரில் கோணல் பக்கவாட்டில் இருந்தது. அண்ணன் ஸ்கேனரில் கேமராவின் நேரலைத் தரவைத் திறந்தார். வலப்பக்கம் ஒரு டிகிரிக்கு நெருக்கமாகத் திரும்பியிருந்தது. புதுக் கண்ணாடியில் கேமரா உட்காரும் பிடிமானம் ஒரு மயிரிழை விலகி ஒட்டியிருந்தாலே இது போதும். பழைய கண்ணாடிக்கான கணக்கோடு புதுக் கண்ணாடி வழியாக அது பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு டிகிரி என்ன செய்யும்? நம் நெடுஞ்சாலைத் தடத்தின் அகலம் 3.5 மீட்டர். காரின் அகலம் 1.8 மீட்டர் என்றால், நடுவில் ஓட்டும்போது இருபக்கமும் 85 சென்டிமீட்டர் இடைவெளி. கேமரா வலப்பக்கம் ஒரு டிகிரி திரும்பியிருந்தால், கார் ஒரு டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஓடுவதாகக் கணினி நினைக்கும். 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அதில் ஒரு டிகிரி சாய்வு என்றால் பக்கவாட்டில் நொடிக்கு 39 சென்டிமீட்டர் நகர்வு. அந்தக் கணக்கில் 85 சென்டிமீட்டர் சுமார் 2.2 நொடியில் தீர்ந்துவிடும். நேராக ஓடும் கார், இன்னும் இரண்டு நொடியில் கோட்டைத் தாண்டிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நாம் இயல்பாகக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, கோட்டுக்கு 40 சென்டிமீட்டர் அருகில் வந்தால் அந்த இரண்டு நொடி ஒரு நொடியாகிவிடும். லாரியை முந்தும்போது எல்லோரும் அப்படித்தான் ஒதுங்குவோம். உடனே ஸ்டியரிங்கை இடப்பக்கம், லாரியை நோக்கித் தள்ளும்.

கோட்டைத் தொட எவ்வளவு நேரம் மிச்சம் என்ற இந்த எண்தான் லேன் அசிஸ்ட்டின் உயிர்நாடி. மிச்ச நேரம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் ஸ்டியரிங்கில் அதிர்வோ திருப்பமோ வரும். வரம்பை நொடியாக வைக்காமல் தூரமாக வைக்கும் கார்களும் உண்டு.

திருப்புவது கேமரா அல்ல, மின்சார பவர் ஸ்டியரிங்கின் மோட்டார். ஸ்டியரிங் தண்டுக்குள் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளந்துதான் மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்பதையும் பல கார்கள் இந்த முறுக்கை வைத்தே தெரிந்துகொள்கின்றன. லேன் அசிஸ்ட் இதே மோட்டாரிடம் ஒரு சின்னத் திருப்புவிசையைக் கேட்கும். அது 3 நியூட்டன் மீட்டர் என்றால், ஸ்டியரிங்கின் விளிம்பில் இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையைத் தொங்கவிட்ட மாதிரிதான். ஐக்கிய நாடுகளின் 79-ஆம் எண் வாகன ஒழுங்குமுறையும், தடத்தில் வைத்திருக்கும் அமைப்பை ஓட்டுநர் மீற 50 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்கிறது. அது சுமார் ஐந்து கிலோ. என் கை அன்று ஜெயித்ததற்குக் காரணம் என் பலம் அல்ல, இந்த வரம்புதான்.

சரி, ஸ்கேனர் இதில் எங்கே வருகிறது? டாஷ்போர்டுக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓ.பி.டி. போர்ட் என்பார்கள். அதில் 6-ஆவதும் 14-ஆவதும், காரின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேன் எனப்படும் வலையமைப்பின் இரண்டு கம்பிகள். கேனை போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகம் செய்தது. சும்மா இருக்கும்போது இரண்டு கம்பிகளிலும் 2.5 வோல்ட். செய்தி போகும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், இன்னொன்று 1.5-க்கு இறங்கும். கருவிகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் படிக்கின்றன. இன்ஜினிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில்தான் பாதிக்கும், வித்தியாசம் அப்படியே நிற்கும். இந்த எளிமை எனக்கு எப்போதும் வியப்பு தருவது. கார்களில் வழக்கமாக நொடிக்கு 5 லட்சம் பிட் இப்படி ஓடுகிறது.

ஸ்கேனர் இந்த வலையில் கேள்வி கேட்கிறது. யு.டி.எஸ். என்ற சர்வதேசத் தரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. 22 என்று தொடங்கினால் "இந்த மதிப்பைப் படித்துச் சொல்". மதிப்பை மாற்றி எழுத வேறு எண். எழுதுவதற்கு முன் 10 என்ற எண்ணால் பராமரிப்பு நிலைக்குள் போக வேண்டும். முக்கியமான மதிப்புகளுக்கு அப்புறம் 27. அதற்குக் கேமரா ஒரு தற்செயல் எண்ணைக் கொடுக்கும். ஸ்கேனர் அதை வைத்து ரகசியக் கணக்கொன்றைப் போட்டு விடையைத் திருப்பித் தர வேண்டும். விடை சரியாக இருந்தால்தான் பூட்டு திறக்கும். திறக்காமல் எழுதப் பார்த்தால் 33 என்ற மறுப்பு வரும், அனுமதி இல்லை என்று பொருள். புதிய கார்கள் பலவற்றில் போர்ட்டுக்கும் உள் வலைக்கும் நடுவே காவலுக்கு ஒரு கணினியே உட்கார்ந்திருக்கும். மலிவான ஸ்கேனர்கள் படிப்பதோடு நின்றுவிடுவதற்கு இவையெல்லாம் காரணம்.

பூட்டு திறந்தால் மாற்றக்கூடியவை காருக்குக் கார் வேறுபடும். சீக்கிரம் திருப்பலாமா தாமதமாகவா, திருப்புவிசை எவ்வளவு, அதிர்வு மட்டுமா திருப்பமும் வேண்டுமா, இன்ஜினை அணைத்துப் போட்டால் பழைய நிலை நினைவில் இருக்க வேண்டுமா. இவ்வளவுதான். கேமராவின் பார்வையைக் கூர்மையாக்கும் எண் எதுவும் இதில் கிடையாது.

அண்ணன் ஏன் தயங்கினார் என்று இப்போது சொல்லலாம். நான் கேட்டபடி வரம்பைத் தாமதமாக்கியிருந்தால் வலப்பக்கத்துத் தவறான இழுப்பு குறைந்திருக்கும், நானும் நிம்மதியாகப் போயிருப்பேன். ஆனால் கேமரா இன்னும் ஒரு டிகிரி வலப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் கண் அசந்து கார் உண்மையாகவே ஒரு டிகிரி இடப்பக்கம் சாய்ந்தால், கணினிக்கு அது நேராக ஓடுவதாகவே தெரியும். உதவி வேண்டிய நேரத்தில் அது பேசாமல் இருக்கும். கோணலை வைத்துக்கொண்டு வரம்பைத் தொடுவது ஆபத்து.

மறுநாள் காலை முதலில் வீல் அலைன்மென்ட். கேமராவுக்கு நேர் எது என்பதைப் பின் சக்கரங்கள் காரைத் தள்ளும் திசைதான் தீர்மானிக்கிறது, அதனால் அது சரியில்லாமல் மற்றது எதுவும் சரியாகாது. டயர் காற்று, காலி டிக்கி. தரை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். முன் லோகோவின் நடுவிலிருந்தும் பின்பக்க நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, நூல் பிடித்துக் காருக்கு முன்னால் நடுக்கோட்டை நீட்டினார். தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இலக்குப் பலகையை நிறுத்தினார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட பலகை அது. பேட்டரிக்குச் சார்ஜர் போட்டார். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இறங்கினால் கேமராவின் கணினி பாதியில் சிக்கிக்கொள்ளும். பழைய மதிப்புகளையெல்லாம் சேமித்த பிறகுதான் தொடங்கினார். கட்டங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று கேமராவுக்கு முன்பே தெரியும். எங்கே தெரிகின்றன என்று பார்த்து, வித்தியாசத்தைத் தன் கோணமாக எழுதிக்கொண்டது. தூக்குக்குண்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஸ்கேனர் வேலை இரண்டே நிமிடம்.

என் காரில் அடுத்ததாகச் சாலையில் ஓட்டியும் கேமராவுக்கு அளவு கற்பிக்க வேண்டும். நெரிசலான திருவொற்றியூர் ஹை ரோட்டில் அது நடக்காது. கோடு அழியாத சாலை வேண்டும், நிற்காமல் ஒரே வேகத்தில் போக வேண்டும். பல கார்களில் லேன் அசிஸ்ட்டே சுமார் 60 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். மீஞ்சூரில் தொடங்கி வண்டலூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலைக்குப் போனோம். நான் ஓட்ட, அண்ணன் மடியில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தார். கேமரா எவ்வளவு கற்றது என்று காட்டும் சதவீதம் திரையில் ஏறியது. கோடு தேய்ந்த இடத்தில் நின்றது. புதுக்கோடு வந்ததும் மறுபடி ஏறியது.

முடிந்த பிறகு வரம்பை என்ன செய்யலாம் என்று கேட்டார். தொழிற்சாலை வைத்த நடு அளவையே விட்டுவிட்டோம். அதிர்வை மட்டும் ஒரு படி கூட்டச் சொன்னேன். திரும்பும் வழியில் ஒரு ட்ரெய்லரை முந்தி, பழக்கப்படி கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கினேன். ஸ்டியரிங் அசையவில்லை. அப்புறம் முன்னும் பின்னும் யாரும் இல்லாத ஓரிடத்தில், கையை ஸ்டியரிங்கில் வைத்தபடியே காரை இடப்பக்கக் கோட்டை நோக்கிச் சும்மா சாயவிட்டேன். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது உள்ளங்கையில் அதிர்வு வந்தது, உடனே வலப்பக்கம் ஒரு மெல்லிய தள்ளல். "இப்ப சரியா பாக்குது" என்று சொல்லி அண்ணன் ஸ்கேனரின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினார்.