எர்த்: அடிப்பதா, காப்பதா?

ஐப்பசி அடைமழை பிடித்துச் சுவரெல்லாம் ஊறிவிட்டால் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கும்: "பாத்ரூம் குழாயில எர்த் அடிக்குது, தொடாதே!" எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல எர்த்தே இல்லீங்களே" என்பார். அடிப்பதும் எர்த், இல்லாததும் எர்த் என்றால் வீட்டுக்காரருக்கு என்ன புரியும்?

ஆங்கிலத்தில் எர்த் என்றால் மண், நிலம். ஹீட்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றின் உலோக உடம்பை ஒரு கம்பியால் மண்ணோடு சேர்த்து வைப்பதை பிரிட்டிஷ் வழக்கில் எர்த்திங் என்றார்கள். அமெரிக்கர்கள் கிரவுண்டிங் என்பார்கள். நமக்கு வந்தது பிரிட்டிஷ் சொல். மின்சாரம் வழி தவறி மண்ணை நோக்கிக் கசிவது எர்த் லீக்கேஜ். பேச்சில் லீக்கேஜ் உதிர்ந்து, எர்த் மட்டும் தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். காவல்காரன் பெயரைத் திருடனுக்கு வைத்தாற்போல் ஆகிவிட்டது.

அடிப்பதற்குத் தமிழில் மின்கசிவு என்ற நல்ல சொல் இருக்கிறது. காப்பதற்குப் புவி இணைப்பு, புவித்தொடுப்பு, நிலத்தொடுப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். புவி வடசொல். நான் நிலத்தொடுப்பு என்பேன். கம்பி போய்ச் சேரும் இடமும் செய்யும் வேலையும் அதில் தெரிகின்றன.

இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடுவது. எர்த் என்றாலே ஷாக் என்று நினைத்து, நிலத்தொடுப்புக்கான பச்சைக் கம்பியைக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. ஹீட்டர் காயிலின் உறை வெடித்தால் தண்ணீரிலும் தொட்டியிலும் 230 வோல்ட் ஏறும். பச்சைக் கம்பி இருந்தால் மின்சாரம் அதன் வழியே பாயும், ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர் உடம்புதான் வழி. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி. 16 ஆம்பியர் என்றால், உடம்பு வழியே போவதைக் கண்டுகொள்ளவே செய்யாது, உயிரைப் பறிக்க அந்த 16 ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும் என்கிறார்கள். தமிழில் கசிவுத் துண்டிப்பான் எனலாம்.

ஹீட்டர் பிளக்கைக் கவனித்துப் பாருங்கள். மேலே உள்ள முள் மட்டும் தடிமனாக, நீளமாக இருக்கும். செருகும்போது நிலத்தொடுப்பு முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. ஆனால் கொல்லைப்புறத்தில் பிற்பாடு கட்டிய பல பாத்ரூம்களுக்கு இரண்டே கம்பிதான் இழுத்திருப்பார்கள். சாக்கெட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. சில இடங்களில் அந்த முனையை, கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலோடு முடிந்து வைத்திருப்பார்கள். இது இன்னும் மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால், பழுதில்லாத ஹீட்டரின் உடம்பிலும் கரண்ட் ஏறிவிடும். பழைய வீடுகளில் பச்சைக் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் உண்டு. பிறகு அந்தக் குழாயை பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள், கம்பி மட்டும் அப்படியே தொங்கும்.

டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்வரை நிலத்தொடுப்புக்கு நல்ல மண். மேட்டூர் அணை மூடி, சித்திரை வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்தால், பச்சைக் கம்பி போய்ச் சேரும் எர்த் குழியில், புதைத்த உலோகக் குழாயை விட்டு மண் விலகும், மின்தடை ஏறும். அதற்குத்தான் குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுவது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு மண், அங்கே குழாயே அரித்துப்போகும்.

அடுத்த முறை குழாயில் சுருக்கென்றால் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் "எர்த் அடிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஹீட்டர்ல கசிவு இருக்கு, பச்சைக் கம்பி குழிவரைக்கும் போகுதான்னு பாருங்க" என்று சொல்லுங்கள்.