ஓடுவதைக் கண்டால் ஓடும் நாய்

"வீட்ல தங்கம் டாக்டர். வெளிய கூட்டிட்டுப் போனா எதையாச்சும் பார்த்துட்டு ஓடிடுது. கூப்பிட்டா காதுலயே விழல." கோத்தகிரியில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. போன மழைக்காலத்தில் இப்படி வந்தது ஒரு சிப்பிப்பாறை நாய். சென்னையில் வேலை முடித்து ஓய்வெடுக்க இங்கே வந்த தம்பதி. வீட்டை ஒட்டித் தேயிலைத் தோட்டம், அதற்குக் கீழே சோலைக்காடு. காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். தேயிலைச் செடிக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து ஓடியிருக்கிறது. நான்கு மணி நேரம் கழித்து நாய் திரும்பியபோது முள்கம்பியில் மார்பு கிழிந்திருந்தது. 22 தையல் போட்டேன்.

தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: "வேளாவேளைக்குச் சோறு, கறி எல்லாம் போடுறோமே சார். பசிச்சா ஓடுச்சு?"

பசிக்கும் துரத்தலுக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. வயிறு நிறையத் தின்ற நாயும் முயல் ஓடினால் பின்னால் ஓடும். பிடித்ததைத் தின்னாமல் போட்டுவிட்டு வரும் நாய்களும் உண்டு. ஓநாயின் வேட்டை ஒரு தொடர்: தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. மனிதன் குறைந்தது 15,000 ஆண்டுகளாக நாயோடு வாழ்ந்து, இந்தத் தொடரின் கண்ணிகளில் தனக்கு வேண்டியதைப் பெருக்கி, வேண்டாததைச் சுருக்கினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிஞ்சி நிற்கின்றன, கடிப்பது அடங்கிவிட்டது. லேப்ரடார் கவ்விக்கொண்டு வரும், நசுக்காது. எலி பிடிக்க வளர்த்த டெரியர் கவ்வியதை உதறிக் கொன்றுவிடும். பீகிள் மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் உலகத்தை மறந்துவிடும். சிப்பிப்பாறையும் கன்னி நாயும் தென்மாவட்டக் கரிசல் வெளியில் முயலை ஓடிப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுக்கப்பட்டவை. நான்கு நொடியில் அந்த நாய் செய்தது அதன் பாட்டன் பூட்டன் செய்த வேலை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓடும் அந்த ஓட்டமே நாய்க்குப் பரிசு. முயல் தப்பித்தாலும் அது தோற்றதாக நினைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு துரத்தலும் அடுத்த துரத்தலுக்கான பயிற்சி. "வளர்ந்தா சரியாகிடும்" என்று விட்டுவைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கருத்தடை செய்தால் நின்றுவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். அறுவைக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, வேட்டை உணர்வை அது குறைக்காது.

கோபத்தையும் வேட்டையையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக் கூடாது. கோபப்படும் நாய் உறுமும், பல்லைக் காட்டும், முதுகு முடியைச் சிலிர்க்கும். வேட்டையாடத் துவங்கும் நாய் பெரும்பாலும் சத்தமே போடாது. காது முன்னால் திரும்பும், வாய் மூடிக்கொள்ளும், ஒரு முன்னங்கால் தூக்கியபடி நிற்கும், கண் ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும். உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அந்த ஓரிரு நொடிகள்தான். ஓட ஆரம்பித்த பிறகு தொண்டை கிழியக் கத்துவதில் பயனில்லை. உடல் விறைத்த அந்த நிலையிலேயே பேர் சொல்லித் திருப்புங்கள், எதிர்ப்பக்கமாக நீங்கள் ஓடுங்கள், கையில் இருப்பதைக் கொடுங்கள்.

சமவெளியில் ஒரு நாய் அணிலைத் துரத்தினால் அதிகபட்சம் பக்கத்து வீட்டுச் சுவர் ஏறும். மலையில் அப்படியல்ல. காட்டெருமை தோட்டத்திலும் சாலையிலும் நிற்கிற ஊர் இது. நாய் குரைத்துக்கொண்டு போய் அதைச் சீண்டும், அது தலையைத் தாழ்த்தியதும் பயந்து நேராக உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே எருமையும் வரும். கரடியிடமும் இதே கதைதான். சிறுத்தைக்கு நாய் எளிதாகக் கிடைக்கும் இரை. இருட்டிய பிறகு ஏதோ அசைந்ததென்று வேலிக்கு வெளியே பாய்ந்து திரும்பாத நாய்களின் கழுத்துப்பட்டையை மறுநாள் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. முள்ளம்பன்றியைக் கவ்வி வாயெல்லாம் முள்ளோடு வரும் நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். தயவுசெய்து வீட்டில் முள்ளை வெட்டாதீர்கள், இழுத்து ஒடிக்காதீர்கள். உள்ளே தங்கிய துண்டு தசைக்குள் நகர்ந்து மார்புக்கூடு வரை போகக்கூடும்.

நாய்க்கு வரும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாயால் வரும் ஆபத்தைக் கேட்பவர்கள் குறைவு, அது எனக்கு வருத்தம். கேளையாட்டுக் (குரைக்கும் மான்) குட்டி புதரில் அசையாமல் படுத்திருக்கும், அதுதான் அதன் பாதுகாப்பு. ஆனால் மூக்கால் தேடும் நாயிடம் அந்தத் தந்திரம் செல்லாது. காட்டுக்கோழி தரையில்தான் முட்டையிடுகிறது. கடிக்காமல் துரத்திவிட்டாலே தாய் கூட்டை விட்டுப் போகலாம். நோய்களும் இருக்கின்றன. நம் வீட்டு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், பார்வோ, வெறிநோய் மூன்றும் செந்நாய்க்கும் வரும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது சிலவற்றில் கண்டறியப்பட்டது டிஸ்டெம்பர் வைரஸ்தான். சோலை ஓரம் வாழும் நாய்க்குத் தடுப்பூசி என்பது காட்டுக்கும் போடும் ஊசி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் துவங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். வெறிநோய் ஊசி தனி. குன்னூரில் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற பாஸ்டியர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் மாவட்டத்தில் இதை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. கீரியோ நரியோ நாயைக் கடித்திருந்தால், பழைய ஊசி இருந்தாலும் அன்றே அழைத்து வாருங்கள்.

"நம்ம நாய் முயல் புடிக்கும் சார்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. காட்டுவிலங்கை விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அதில் அடங்கும். நாயை ஏவியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, என்ன செய்வது? அடிக்காதீர்கள். குறிப்பாக, திரும்பி வந்த நாயை அடிக்காதீர்கள். அது ஓடியதற்கு அடி வாங்கியதாக நினைக்காது, உங்களிடம் வந்ததற்கு வாங்கியதாக நினைக்கும். அடுத்தமுறை வரவே யோசிக்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் உதவாது. அடைத்துவைத்த ஆசை, அவிழ்த்த நிமிடம் வெடிக்கும்.

வேட்டையைப் பிடுங்கிவிட முடியாது. அதற்கு வீட்டுக்குள் ஓர் இடம் கொடுக்கலாம். மூங்கில் கழியின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் பழைய துணி. அதைத் தரையில் இழுத்து ஓடவிட்டு நாயைத் துரத்த விடுங்கள். "இரு" என்றால் நிற்க வேண்டும், "புடி" என்றால் பாயலாம், "விடு" என்றால் விட வேண்டும். பத்து நிமிடம் போதும். ஓடும் பொருளைப் பார்த்துக்கொண்டே உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் பழக்கம் இந்த விளையாட்டில்தான் வருகிறது. பீகிள் மாதிரி மூக்கு நாய்களுக்கு வேறு வழி. காலை உணவைத் தட்டில் வைக்காமல் புல்லில் சிதறிவிடுங்கள், சாக்குப்பைக்குள் ஒளித்துவையுங்கள். இருபது நிமிட மோப்பம் நாயை நன்றாகக் களைப்பாக்கும்.

கூப்பிட்டால் வருவதற்குத் தனி ஊதல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டுக்குள் சாப்பாட்டு வேளையில் மட்டும், பிறகு முற்றத்தில், பிறகு தேயிலைப் பாதையில். ஒவ்வொரு முறையும் கறித்துண்டு. இது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அதுவரைக்கும் பத்து மீட்டர் நீளக் கயிறு, அதுவும் கழுத்துப்பட்டையில் அல்ல, மார்பைச் சுற்றிய பட்டையில். வேகமாக ஓடும் நாய் கயிறு தீர்ந்ததும் கழுத்தில் வாங்கும் இழுப்பு மோசமானது.

கோழி வளர்க்கும் வீட்டில் குட்டி வாங்குபவர்கள் அதற்கு மூன்று மாதம் ஆவதற்குள்ளேயே கோழி நடுவே, கயிற்றில், அமைதியாக உட்காரப் பழக்குங்கள். அப்படி வளர்ந்த நாய் பெரும்பாலும் தன் வீட்டுக் கோழியைத் தொடாது. பக்கத்து ஹட்டியின் (படுகர் ஊர்) கோழிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அந்தத் தம்பதி இரண்டு மாதமாகக் கழி விளையாட்டு விளையாடுகிறார்கள். போன வாரம் வந்தபோது தழும்பின் மேல் முடி முளைத்திருந்தது. ஊதல் சத்தம் கேட்டதும் நாய் அறையின் அந்த மூலையிலிருந்து அந்த அம்மாவின் முழங்காலுக்கு வந்து நின்றது. "இனி கயித்த எப்ப சார் அவுக்கலாம்?" என்று கேட்டார்.

"வேலி போட்ட இடத்துல இன்னைக்கே அவுக்கலாம். சோலைப் பக்கம் என்னைக்கும் வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு எழுந்தார்.