ஐஎல்னா என்ன? பேஸ்பால்ல ‘இன்ஜுர்டு லிஸ்ட்’டுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்

பேஸ்பால் பாக்க ஆரம்பிச்ச யாருக்குமே மொத மாசத்துலயே காதுல விழுற வார்த்தை ஐஎல். “அவன ஐஎல்ல போட்டாச்சு”, “ஐஎல்லேர்ந்து எப்ப வர்றான்”, “இதெல்லாம் டுபாக்கூர் ஐஎல்”னு ஒரே சத்தமா இருக்கும். விரிச்சா இன்ஜுர்டு லிஸ்ட். அடிபட்டவன் பேரை எழுதி வைக்கிற லிஸ்ட்டுன்னு தோணும், ஆனா இது டாக்டர் வார்த்தையே கிடையாது, ஆள் கணக்கு பாக்குறவங்க வார்த்தை.

அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல ஒரு டீமுக்கு 26 பேர் எடம், அதச் சுத்தி 40 பேர் கொண்ட பெரிய ரோஸ்டர், அதாவது ஆள் பட்டியல். ஒருத்தனுக்கு தொடைல பிடிச்சிருச்சுன்னா சும்மா உக்காத்தி வச்சாலும் அந்த 26ல ஒரு எடம் போச்சு. ஐஎல்ல போட்டா எடம் காலி, கீழ இருக்கிற சின்ன போட்டியான மைனர் லீக்லேர்ந்து ஒருத்தன மேல கூப்பிடலாம். பேட்டிங் ஃபீல்டிங் ஆளுன்னா கொறஞ்சது 10 நாள், பிட்சர்னா, அதாவது பந்து வீசுறவன்னா, 15 நாள் வர முடியாது, தலைல அடிபட்டு மூளை அதிர்ச்சின்னா தனியா 7 நாள் லிஸ்ட். 60 நாள் லிஸ்ட்ல போனா அந்த 40 பேர் கணக்குலயே வர மாட்டான். இத்தனைக்கும் சம்பளம் முழுசா வரும், சர்வீஸ் நாளும் (எவ்ளோ நாள் மேஜர் லீக்ல இருந்தான்ங்கிற கணக்கு) ஓடிட்டே இருக்கும். சண்டையெல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது.

வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா, 2018 வரைக்கும் இது டிஎல், அதாவது டிசேபிள்டு லிஸ்ட். மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்ற அமைப்புகள், தோள்பட்டை வலிக்கிறவன எதுக்கு அந்தப் பேர் சொல்லி கூப்பிடுறீங்கன்னு கேட்டதுல 2019ல பேரை மாத்துனாங்க. நம்ம ஊர்லயும் ஊனமுற்றோர்ங்கிறது போய் மாற்றுத்திறனாளின்னு அரசாங்கமே எழுத ஆரம்பிச்சுதே, அந்த மாதிரி. பழைய ரசிகருங்க இன்னும் டிஎல்னுதான் சொல்றாங்க, வாய்ப்பழக்கம் அவ்ளோ லேசுல போகாது.

இன்ஜுரி லத்தீன்லேர்ந்து வந்தது. அங்க ‘இன்’னா இல்லாதது, ‘யூஸ்’னா நியாயம், உரிமை. ரெண்டும் சேந்து ‘இன்யூரியா’, அநியாயம்னு அர்த்தம், ஒடம்புக்கு வந்தது அப்புறம்தான். 2024 வரைக்கும் இருந்த 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல 44ஆம் பிரிவு அந்தப் பழைய அர்த்தத்துலதான் பேசுச்சு, ஒடம்பு, மனசு, பேரு, சொத்து எதுக்கு சட்டவிரோதமா கெடுதல் வந்தாலும் இன்ஜுரிதான்.

பேஸ்பால் ரசிகர்களும் அந்தப் பழைய அர்த்தத்துலதான் கத்துறாங்கன்னு எனக்குத் தோணும். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்னு ஒரு பிட்சர் கதைய எடுத்துக்குங்க. 2010ல வாஷிங்டன் நேஷனல்ஸ் டீமுக்கு வந்தான், அதே வருசம் முழங்கைல டாமி ஜான் ஆபரேஷன் (கிழிஞ்ச தசைநார சரி பண்றது, 1974ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப் மொதமொதல்ல செஞ்சது, அந்த முதல் பேஷண்ட் பேருதான் ஆபரேஷனுக்கே நின்னுருச்சு). 2012ல டீம் நல்லா ஜெயிச்சிட்டு இருக்கு, ஆனா கை கெட்டுரும்னு சொல்லி செப்டம்பர்லயே, 159 இன்னிங்ஸ் சொச்சத்துல, போதும்னு நிறுத்திட்டாங்க, ப்ளேஆஃப்ல, அதாவது சீசன் கடைசி நாக்அவுட் சுத்துல, அவன் இல்லாம செயின்ட் லூயிஸ் டீம் கிட்ட தோத்தாங்க, ஆனா அதே ஆளு 2019 வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல்ல எம்விபி (சிறந்த ஆட்டக்காரன்), உடனே 7 வருசம் 24.5 கோடி டாலர் காண்ட்ராக்ட், அதுக்கப்புறம் மொத்தமே 8 மேட்ச், கழுத்து தோள் நரம்புப் பிரச்சினை, 2024ல ரிட்டயர்டு. காண்ட்ராக்ட் கேரண்டி, அதனால பணம் குடுத்தே ஆகணும். இதுல யாருக்கு அநியாயம்னு இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க. என்னக் கேட்டா அவனத் திட்றது தப்பு, கையெழுத்து போட்டது ரெண்டு பக்கமும்தானே.

பணம் போடுறதுக்கு முன்னாடியே பயந்த கதையும் உண்டு. கார்லோஸ் கொரேயாங்கிற ஆட்டக்காரன் 2022 டிசம்பர்ல சான் ஃப்ரான்சிஸ்கோ டீம் கூட 13 வருசம் 35 கோடி டாலர்னு பேசி முடிச்சான், மெடிக்கல்ல பழைய கணுக்கால் ஆபரேஷனைப் பாத்து இழுத்தாங்க. நியூயார்க் மெட்ஸ் டீம் 31.5 கோடிக்கு வந்து அவங்களும் இழுத்தாங்க. கடைசில மினசோட்டா டீம்ல 6 வருசம் 20 கோடி.

இப்ப தமிழுக்கு வருவோம். காயப் பட்டியல்னா எங்கெங்க காயம்னு எழுதுற ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கு. காயமுற்றோர் பட்டியல்னா பஸ் கவுந்த செய்தி. விழுப்புண்ணுன்னு ஒரு அழகான சொல் குறள்ல இருக்கு, போர்ல வீரமா வாங்குற புண், ஆனா சூடான பாத்திரத்தத் தொட்டு வெரல சுட்டுக்கிட்டு 10 நாள் படுத்தவனுக்கு அத எப்படிங்க சொல்றது.

நான் சொல்றது காய விடுப்பு. எம்எல், அதாவது மெடிக்கல் லீவ், போடுறது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான், சம்பளம் வரும், சர்வீஸ் போகாது, அந்த எடத்துல வேற ஆளப் போட்டு வேலைய ஓட்டுவாங்க. வித்தியாசம் என்னன்னா இங்க லீவ் போடுறது டீம், அதனால “காய விடுப்புல போட்டாங்க”ன்னு சொன்னா சரியா உக்காந்துரும். அடிபடாமலே லிஸ்ட்ல போடுற ஃபேன்டம் ஐஎல்லுக்கு போலிக் காய விடுப்பு, பொய் மெடிக்கல் சர்ட்டிபிகேட் தெரிஞ்ச யாருக்கும் விளக்கம் வேணாம். 2017ல கொறஞ்சபட்ச 15 நாளை எல்லாருக்கும் 10ஆக் கொறச்சதும் டாட்ஜர்ஸ் மாதிரி டீமுங்க பிட்சருங்கள மாத்தி மாத்தி உள்ள போட்டு வெளிய எடுத்து ரெஸ்ட் குடுக்குறாங்கன்னு பேச்சு கெளம்புச்சு, 2022ல பிட்சருக்கு மட்டும் திரும்ப 15 ஆயிருச்சு.

இன்னும் சிக்குறது ரீஹாப் அசைன்மெண்ட். விடுப்புல இருக்கிறவன மைனர் லீக்ல ஆடவிட்டுப் பாக்குறது, பிட்சருக்கு 30 நாள் வரைக்கும், மத்தவங்களுக்கு 20. அகராதிய நம்பி மறுவாழ்வுன்னு போட்டா குடிய நிறுத்தப் போயிருக்கான்னு நெனச்சுக்குவாங்க. தேறுதல் ஆட்டம்னு எழுதிட்டு வர்றேன், இதவிட நல்லதா இருந்தா சொல்லுங்க.